65 சிசியில் தொடங்க வேண்டிய கதை

எங்கட கூட்டத்தில இருக்கிற ஒருத்தியின்ட தம்பிக்கு 15 வயசு. சாலியபுரத்தில கஜபா சுப்பர்குரோஸ் பார்க்க வவுனியாவில இருந்து ஆறு பேர் வெளிக்கிட்டபோது அவனும் கூட வந்தான். காலமையே பஸ் பிடிச்சு, தொப்பியும் கச்சான் பையுமாகப் போய் மண்மேட்டில ஒரு இடம் பிடிச்சு நின்றோம். கார் ஓட்டங்களை அவன் பெரிசாகக் கவனிக்கேல்லை. மோட்டார் சைக்கிள்கள் வரிசையில வந்து நின்ற உடனே ஆள் மாறிவிட்டான். யார் வளைவுக்கு முன்னமே எழும்பி நிற்கிறார், யார் பிந்திப் பிரேக் பிடிக்கிறார், பாய்ந்து இறங்கும்போது யாருடைய முன்சில்லு முதலில குத்துது என்று எங்களுக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தான். அவன் சொன்னதில முக்கால்வாசி சரி என்பது பிறகு நாங்கள் தேடி வாசித்தபோதுதான் தெரிஞ்சது.

இரவு அவனை வீட்டில விடப் போனோம். அம்மா தேத்தண்ணி ஊத்தித் தந்துவிட்டுக் கேட்டா: "பிள்ளையள், நீங்கள் நாலு இடம் போய்வாறனீங்கள். இவன் படிப்பை விட்டுட்டு உதுதான் செய்யப்போறன் எண்டு நிக்கிறான். உதில ஒரு சீவியம் இருக்கோ?"

எங்களில ஒருத்தராலயும் உடனே பதில் சொல்ல முடியேல்லை. "திறமை இருந்தா வரலாம் அம்மா" என்று ஒரு வசனம் எல்லாருடைய வாயிலும் தயாராக இருந்தது. நல்லவேளை சொல்லேல்லை. ஏனென்றால் அது பாதிப் பொய்.

வயசுக் கணக்கைப் பாருங்கள். ஜெர்மனியின் கென் ரொக்சன் 2009 இல் உலகத் தொடரின் எம்எக்ஸ்2 பிரிவில் முதல் கிராண்ட் பிறீயை வென்றபோது அவருக்கு 15 வயசு. அடுத்த வருஷம் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் தன்னுடைய முதல் வெற்றியைப் பெற்றபோது அவருக்கும் 15. எங்கட தம்பியின்ட அதே வயசு. அவன் இதுவரை ஓடியிருப்பது சித்தப்பாவின் 100 சிசி மோட்டார் சைக்கிளும், சிநேகிதன் ஒருவன் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு பழைய ட்ரெயில் பைக்கும்தான். அதுவும் கிரவல் கிடங்கு ஒன்றுக்குள்ள, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரு காப்பும் இல்லாமல். அந்த இரண்டு பேரும் 15 வயசுக்கு முன்னமே ஒரு முழுப் படிக்கட்டை ஏறி முடித்திருந்தார்கள்.

அந்தப் படிக்கட்டு இப்படி இருக்கு. முதலில 50 சிசி. கிளச் பிடிக்கத் தேவையில்லாத, தானாகவே இயங்குகிற சின்ன வண்டி. பிறகு 65, அதுக்குப் பிறகு 85, பிறகு 125, பிறகு 250. ஐரோப்பாவில் 65 சிசிக்கும் 85 சிசிக்கும் தனித்தனி வல்லவர் போட்டி இருக்கு. 65, 85, 125 மூன்றுக்கும் சேர்த்து சர்வதேசச் சம்மேளனம் நடத்துகிற கனிஷ்ட உலகப் போட்டியும் இருக்கு. மேலே எம்எக்ஸ்2 பிரிவில் 23 வயசுக்குப் பிறகு ஓட முடியாது, கதவைச் சாத்திவிடுவார்கள். ஸ்லோவேனியாவின் டிம் காய்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 இல் ஐரோப்பாவின் 65 சிசி வல்லவர். 2009 இல் 85 சிசி. 2012 இல் 125 சிசி கனிஷ்ட உலக வல்லவர். 2015 இல் எம்எக்ஸ்2 உலகப் பட்டம், அடுத்த வருஷமே பெரிய பிரிவான எம்எக்ஸ்ஜிபி பட்டம். எட்டு, ஒன்பது வருஷத்தில ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கேல்லை.

சின்ன வண்டியில ஏன் தொடங்க வேணும் என்று கேட்கிற ஆட்கள் இருக்கினம். "எங்கட பெடியள் எட்டு வயசில அப்பாவின்ட பைக்கை ஓடுவாங்கள்" என்று பெருமையாகச் சொல்லுவினம். சரி, ஓடுவாங்கள். ஆனால் நூறு கிலோவைத் தாண்டின ஒரு வண்டியில முப்பது கிலோப் பிள்ளை ஏறினால் அது பழகுவது ஒன்றேதான், விழாமல் தொங்கிக்கொண்டிருப்பது. 65 சிசி வண்டி அதில பாதிப் பாரம்தான். அதில பிள்ளை உண்மையாகவே வண்டியை ஆட்டலாம். உடம்பின் பாரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பார்க்கலாம், முழங்காலால் தாங்கியை இறுக்கிப் பிடிக்கலாம், கிளச்சை ஒரு விரலால் விட்டுப் பிடிக்கலாம். வானத்தில நிற்கும்போது பெற்றோல் கொடுத்தால் முன்சில்லு எழும்பும், பின்பிரேக்கைத் தொட்டால் இறங்கும் என்பதை வாயால சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். உடம்புக்கு விளங்க வருஷக்கணக்காகும்.

இன்னொன்று மண் வாசிப்பது. தார் ஓட்டத்தில பாதை மாறாது. இதில ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். காலையில ஈரமாக இருந்த வளைவு மத்தியானம் தூளாகும். முப்பது, நாற்பது வண்டிகள் போன இடத்தில முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும், பாய்கிற மேட்டின் விளிம்பு உடைஞ்சு போகும். முந்தின சுற்றில சரியாக இருந்த கோடு இந்தச் சுற்றில ஆளைக் கவிழ்க்கும். பெல்ஜியத்தின் லொம்மெல் மணல்தடத்தில வளர்ந்த பிள்ளைகள் மணலில கெட்டிக்காரர்களாக வருவது இதனால்தான். எட்டு வயசிலிருந்து கிழமைக்குக் கிழமை அந்த மணலைத் தின்று வளர்கினம். இதை யூடியூப்பில பார்த்து எடுக்கேலாது. எங்கட தம்பி வளைவைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவன் அதைக் கண்ணால படிச்சவன்.

இந்தப் படிக்கட்டு ஆருடைய காசில நிக்குது என்பதுதான் அடுத்த கதை. புதுசாக ஒரு 65 சிசி வண்டி வெளிநாட்டில ஐயாயிரம் டொலர் அளவில போகுது. இரண்டு மூன்று வருஷத்தில பிள்ளை அதுக்கு மேல வளர்ந்துவிடும். சப்பாத்து, ஹெல்மெட், முழங்கால் காப்பு எல்லாமும் சேர்ந்து சின்னதாகும். இந்த வண்டிகளுக்குக் கிலோமீற்றர் கணக்குக் கிடையாது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதுதான் கணக்கு. குறிப்பிட்ட மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிஸ்டன் மாற்ற வேணும், மாற்றாவிட்டால் இயந்திரமே போகும். ஆகவே இந்த விளையாட்டில மேலே வந்தவர்களின் பின்னால பெரும்பாலும் ஒரு அப்பா நிற்கிறார். காய்சரைப் பழக்கியது அவருடைய அப்பா, அவரும் ஓட்டக்காரர். பெல்ஜியத்தில ஹரி எவர்ட்ஸ் நான்கு தடவை உலக வல்லவர், மகன் ஸ்டீபன் எவர்ட்ஸ் பத்துத் தடவை, பேரன் லியாம் இப்போது எம்எக்ஸ்2 இல் கிராண்ட் பிறீ வென்றவர். அவுஸ்திரேலியாவின் ஜெட் லோரன்ஸ் 2023 இல் அமெரிக்க மோட்டோகுரோஸ் தொடரின் 450 பிரிவில் 22 ஓட்டங்களில் 22 ஐயும் வென்றார். அந்த வெற்றிக்குப் பல வருஷத்துக்கு முன்னமே அவரையும் அண்ணன் ஹன்டரையும் ஓடவைக்கிறதுக்காகக் குடும்பமே ஐரோப்பாவுக்குப் பெயர்ந்திருந்தது. 2015 இல் ஜெட் அங்கேதான் 65 சிசி கனிஷ்ட உலக வல்லவரானார். திறமையை நாங்கள் குறைக்கேல்லை. ஆனால் அந்தத் திறமையை ஏத்திக்கொண்டு திரிஞ்ச வான் ஒன்றும், அதை ஓட்டின தகப்பன் ஒருவரும் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் வவுனியாவில இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் சொல்லுவது பகிடிக் கதை.

படிக்கட்டு இருக்கிற நாடுகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டு மட்டும் நிற்கவும் எங்களால முடியேல்லை. அமெரிக்காவில 1982 இலிருந்து டென்னசியில, பாடகி லொறெட்டா லின்னின் பண்ணையில, கத்துக்குட்டிகளுக்கான தேசியப் போட்டி நடக்குது. நாடு முழுக்கத் தகுதிச் சுற்றுகள் வைத்து, ஒவ்வொரு பிரிவிலும் கடைசியில 42 பேர்தான் அந்தக் கதவுக்குப் பின்னால வந்து நிற்பினம். அதில ஏழு எட்டு வயசுப் பிள்ளைகளும் இருக்கினம். அந்த 42க்குள்ள வர வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஜோர்ஜியா, புளோரிடா பக்கம் இருக்கிற பயிற்சி முகாம்களில குடும்பத்தோடு கரவன் வண்டிக்குள்ளயே குடியிருக்கிறவையும் உண்டு. பிறகு? சுப்பர்குரோஸ் இறுதி ஓட்டம் ஒன்றில 22 பேருக்குத்தான் இடம். அதிலயும் கம்பனி வண்டியும் சம்பளமும் கிடைக்கிறது கொஞ்சப் பேருக்கு. மற்றவர்கள் 19, 20 வயசில, படிப்பும் பாதி, எலும்புக்குள்ள தகடும் என்று வீட்டுக்குத் திரும்புகினம். அவர்களைப் பற்றி ஒருத்தரும் வீடியோ போடுவதில்லை.

உடம்பைப் பற்றியும் கதைக்க வேணும். ரொக்சன் 2017 இல் அமெரிக்காவில விழுந்து கை நொறுங்கி, கையையே இழக்கிற அளவுக்குப் போய், பல சத்திரசிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தார். அவர் திரும்பி வந்த கதையைத்தான் எல்லாரும் கொண்டாடுவினம். காய்சர் ஓடுகிற வண்டியில 243 என்ற இலக்கம் இருக்கும். அது மோட்டோகுரோஸ் விபத்தில சின்ன வயசில இறந்த அவருடைய சகோதரனின் பிறந்த நாள், மார்ச் 24. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில ஒருவர் ஒவ்வொரு முறையும் அந்த இலக்கத்தோடுதான் தொடக்கக் கோட்டுக்கு வாறார். எலும்பு பொருந்தும். தலைக்குள்ள நடக்கிறதுதான் பயங்கரம். ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுக்க நிறுத்தாது. விழுந்த பிள்ளை ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்ப வண்டியில ஏறக்கூடாது. டொக்டர் சொல்லும் வரை பிறகும் ஏறக்கூடாது. "எழும்படா, ஒண்டுமில்லை" என்று தட்டிவிடுகிற அப்பாவோ கோச்சோ பிள்ளையை வளர்க்கேல்லை.

இனி எங்கட நாட்டுக்கு வருவம். இங்க ஓட்டங்கள் இல்லை என்று சொல்லேலாது. தியத்தலாவையில 1993 இலிருந்து பொக்ஸ்ஹில், சாலியபுரத்தில கஜபா, மின்னேரியாவில கன்னர்ஸ். சனம் வரும், தூசி பறக்கும், ரீவியில காட்டுவினம். சாலியபுரத்தில எங்களுக்குப் பக்கத்தில நின்ற ஒரு சிங்களக் குடும்பம், எங்கட தம்பி விளங்கப்படுத்துகிறதைப் பார்த்து, தங்கட குடைக்குள்ள அவனை இழுத்து நிறுத்தி, அரைகுறைச் சிங்களத்தில அவன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நாள் எங்களுக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்தது. ஆனால் அது ஒரு நாள். மற்ற நாட்களில ஒரு எட்டு வயசுப் பிள்ளை எங்க போய் ஓடும்? 65 சிசியில தொடங்கி வருஷம் முழுக்க ஏறிப்போகிற தொடர் ஒன்று வன்னியில இருக்கிற பிள்ளைக்குக் கைக்கெட்டின தூரத்தில இல்லை. உச்சியில ஒரு மேடை கட்டி வச்சிருக்கிறம், அதுக்கு ஏணியை விட்டிட்டம்.

இந்த மூன்று ஓட்டமும் இராணுவத்தின் இடத்தில, இராணுவத்தின் ஏற்பாட்டில நடக்குது. படைகளின் அணிகளில ஓடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கு, வேலைத்தளம் இருக்கு. இந்த நாட்டில இதைத் தொழிலாகச் செய்வதற்கு மிக நெருங்கின வழி அதுதான். எங்கட தம்பியின்ட அம்மா முதலில கேட்டது "அந்தக் காம்புக்குள்ளயோ போகப்போறியள்?" என்றுதான். 2009 இல் அவ எங்க இருந்தா என்று தெரிஞ்ச எங்களுக்கு அந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிவில் நிருவாகத்தின் கீழ ஒரு பொது விளையாட்டுத் தடம் இருந்திருந்தால் அவ அப்படிக் கேட்டிருக்கமாட்டா. மோட்டோகுரோஸ் பழகுவதற்கு ஒரு பிள்ளையின் குடும்பம் முதலில தன் நினைவுகளோட சண்டை பிடிக்க வேண்டியிருக்குது என்றால் அந்த விளையாட்டு இன்னும் எல்லாருக்கும் ஆனது இல்லை.

வண்டி விசயமும் இருக்கு. 2020 மார்ச்சிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. பொருளாதாரக் காரணம் விளங்குது. ஆனால் ஐந்து வருஷம் என்பது ஒரு பிள்ளை 65 இலிருந்து 125க்கு ஏறுகிற காலம். ஒரு தலைமுறைக்குப் படிக்கட்டின் நடுத்துண்டு அப்படியே இல்லாமல் போனது.

பிறகு 2024 ஏப்ரல் 21. தியத்தலாவையில கார் ஒன்று தடத்தை விட்டு விலகி, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அது மோட்டார் சைக்கிள் ஓட்டம் இல்லை என்று சொல்லித் தப்பேலாது, அதே தடம், அதே சனம். அதுக்குப் பிறகு நாங்கள் கேட்ட பேச்செல்லாம் ஓட்டத்தைத் தடை செய்யவேணுமா வேண்டாமா என்பதிலதான் சுத்தியது. சனம் எவ்வளவு தூரத்தில நிற்க வேணும், மஞ்சள் கொடி காட்டுகிற ஆளை யார் பழக்கியது, அவருக்கு ஒதுங்க இடம் இருந்ததா என்பதைக் கதைத்த ஆட்கள் குறைவு. கொடி பிடிக்கிறதும் பழக வேண்டிய ஒரு தொழில்தான்.

கடல் தாண்டிப் பார்த்தால் ஒரு ஆறுதல் இருக்கு. மோட்டோகுரோஸில வளர்ந்த பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் 2015 இல் டக்கார் ராலியில ஓடின முதல் இந்தியர். கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, இந்தியாவின் சுப்பர்குரோஸ் தேசிய வல்லவராக இருந்தவர், 2024 டக்காரில ராலி 2 பிரிவை வென்றார். இருவரும் அப்போது முப்பது வயசு தாண்டினவர்கள். ராலியில வயசுக்கதவு அவ்வளவு கெதியாகச் சாத்தாது. பாதை கண்டுபிடிக்கத் தெரிய வேணும், வண்டியை நடுவழியில தானே திருத்தத் தெரிய வேணும், பொறுமை வேணும். நோவாவுக்குப் பின்னால ஓசூரில இருக்கிற டிவிஎஸ் கம்பனியின் பந்தயப் பிரிவு நின்றது. எங்கட ரோட்டில ஓடுகிறதில எத்தனை டிவிஎஸ், எத்தனை பஜாஜ், எத்தனை ஹீரோ என்று எண்ணிப் பாருங்கள். அந்த வண்டிகளை இங்க விற்கிறவர்களிட்டப் போய், ஒரு நாள் பனருக்குக் கொடுக்கிற காசில ஒரு சின்ன வண்டியை ஒரு வருஷத்துக்குத் தாங்கோ என்று ஏன் கேட்கக்கூடாது?

நாங்கள் கேட்கிறது பெரிசாக ஒன்றுமில்லை. வவுனியாவைச் சுத்தி கிரவல் அள்ளி முடிச்சு விட்ட கிடங்குகள் கிடக்குது. வீடுகளுக்குத் தூரமாக ஒன்று. யானை வராத இடமாகவும் பார்க்க வேணும், வன்னியில இது பகிடி இல்லை. பிரதேச சபையின்ட பேரில தடம், ஒரு ஜேசிபி இரண்டு நாள், தூசி அடக்கத் தண்ணி பவுசர். பொதுவில ஆறு சின்ன வண்டிகள், ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை, நூலகப் புத்தகம் மாதிரி மாறி மாறி ஓடலாம். காப்பு உடுப்பும் அப்படியே. பெட்டைப் பிள்ளையளுக்கும் அதே வண்டி, அதே நேரம். சந்தோஷமாக ஓடிவிட்டு 14 வயசில "எனக்குப் போதும்" என்று போகிற பிள்ளையும் அந்த இடத்துக்கு வெற்றிதான் என்று நினைக்கிற ஆட்கள் அதை நடத்த வேணும். அம்புலன்ஸ் நிற்காத நாளில வண்டி ஸ்டார்ட் பண்ணக்கூடாது. இது எல்லாம் உலக வல்லவரை உருவாக்குமா என்றால், எங்கட காலத்தில இல்லை. ஆனால் இப்ப லைசன் எடுக்கிற வயசு 18, அதுக்கு முன்னமே ஏ9 வீதியில முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெடியள் எத்தனை பேர் என்று வவுனியாவில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கு வேகத்தை இறக்க ஒரு இடம் வேணும்.

அம்மாவுக்கு நாங்கள் ஒரு மாசம் கழிச்சுத்தான் பதில் சொன்னோம். முற்றத்தில பிளாஸ்டிக் கதிரையில, அவனையும் பக்கத்தில இருத்தி. உலகத் தொடரில ஓடுகிற கனவு இவனுக்கு இனி இல்லை அம்மா, அதுக்கு ஏழு எட்டு வயசில ஆரோ தொடக்கிவிட்டிருக்க வேணும், அது இவன்ட பிழை இல்லை. ஓஎல் எழுதட்டும். ஓட்டத்தை விடத் தேவையில்லை, ஆனால் கழுத்துக் காப்பு இல்லாமல் கிடங்குக்குள்ள இறங்கக்கூடாது. சஸ்பென்ஷன், இயந்திரம் இரண்டையும் கையால தெரிஞ்ச ஆள் இந்த விளையாட்டில ஓட்டக்காரரை விட நீண்ட காலம் நிற்கலாம், ராலி என்றால் இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷம் இருக்கு.

அவன் எழும்பி உள்ளுக்குப் போனான். இரண்டு கிழமை எங்களோட கதைக்கேல்லை. அக்காவோடயும்தான்.

இப்ப சனிக்கிழமைகளில குருமன்காட்டுப் பக்கம் ஒரு கராஜில நிற்கிறான். முன்கவையின் எண்ணெய் மாற்றப் பழகிவிட்டான், பாஸ் நல்லவர், ஏசினாலும் சொல்லிக் கொடுப்பார். பின்னேரங்களில பக்கத்து வீட்டு எட்டு வயசுப் பிள்ளையைச் சாதாரணச் சைக்கிளில ஏற்றி, மேட்டில வரும்போது பெடலில எழும்பி நில், முழங்காலை மடி என்று கத்திக்கொண்டு நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். போன கிழமை எங்களிட்ட வந்து ஒன்றுதான் கேட்டான். அந்தக் கிரவல் கிடங்கு ஆரின்ட பேரில இருக்கு என்று பிரதேச சபையில விசாரிச்சுச் சொல்லுவியளோ என்று.

திங்கட்கிழமை போறம்.